முறிந்த திட்டங்களும் முறியாத கடன்களும்

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

2012ஆம் ஆண்டில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் ஈமுக் கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தன. அப்போது நான் இரண்டாம் வகுப்பு மாணவன். என் மாமாவின் தோட்டத்துக் கொட்டகையில் ஆளுயரம் நின்ற அந்தப் பறவைகளை வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த நினைவு இன்றும் இருக்கிறது. நிறுவனமே குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தரும், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் என்பது பேச்சு. மாமா தம்மிடம் இருந்த சேமிப்போடு, அத்தையின் பத்துப் பவுன் நகையையும் ஒரு வங்கியில் அடகு வைத்துப் பணம் கட்டினார். சில மாதங்கள் தொகை ஒழுங்காக வந்தது. பிறகு நின்றது. அடுத்துத் தீவனமும் நின்றது. ஒருநாள் நிறுவனத்தின் கதவு பூட்டிக் கிடந்தது.

நகையை ஏலம் விடப் போவதாக வங்கியிலிருந்து அறிவிப்பு வந்தபோது மாமா மேலாளரிடம் போய்க் கேட்டாராம்: “ஏனுங்க சார், கோழியே போயிருச்சுங்க. கடன் மட்டும் எப்படிங்க நிக்குது?”

மேலாளர் பொறுமையாகவே பதில் சொல்லியிருக்கிறார்: “நீங்கள் நகையை வைத்தீர்கள், பணம் வாங்கினீர்கள். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.”

இந்தக் கேள்வியும் பதிலும் எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் பேசப்பட்டன. வணிகச் சட்டத்தைப் பாடமாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், மாமாவின் கேள்வி பாமரக் கேள்வி அன்று என்பதும், உலகத்தின் பெரிய நீதிமன்றங்கள் பலவற்றில் இதே கேள்வி வழக்காக நின்றிருக்கிறது என்பதும் எனக்குப் புரிந்தன. கடன் வாங்கி ஒரு திட்டத்தில் பணம் போட்டவருக்கு, அத்திட்டம் வீழ்ந்தபின் கடனைக் கட்டும் பொறுப்பு உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்தின் முதல் விடை

சட்டம் முதலில் காண்பது இரண்டு ஒப்பந்தங்களை. ஒன்று, பணம் போட்டவருக்கும் திட்டத்தை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே உள்ளது. மற்றொன்று, கடன் வாங்கியவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் இடையே உள்ளது. முதல் ஒப்பந்தம் முறிந்தால் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம். ஆனால், இரண்டாம் ஒப்பந்தத்தில் கடன் கொடுத்தவர் தம் கடமையை முடித்துவிட்டார். அவர் கொடுக்க வேண்டியது பணம், அதைக் கொடுத்துவிட்டார். இனிக் கடமை வாங்கியவருடையது.

மோசடியால் பெறப்பட்ட சம்மதம் செல்லுமா என்று கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், மோசடியால் சம்மதம் பெறப்பட்டிருந்தால், ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் அந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவிடலாம் என்று 19ஆம் பிரிவில் கூறுகிறது. ஆனால், எது மோசடி என்பதை 17ஆம் பிரிவு வரையறுக்கும்போது ஓர் எல்லை வகுக்கிறது. அந்தச் செயலை ஒப்பந்தத்தின் ஒரு தரப்பார் தாமே செய்திருக்க வேண்டும். அல்லது அவருடைய உடந்தையோடு அது நடந்திருக்க வேண்டும். அல்லது அவருடைய முகவர் செய்திருக்க வேண்டும். கோழி நிறுவனம் சொன்ன பொய், நகையின் பேரில் பணம் கொடுத்த வங்கியின் பொய் ஆகாது.

ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது இயலாமற் போனால் அது செல்லாது என்று கூறும் 56ஆம் பிரிவும் இங்கே துணைக்கு வருவதில்லை. கடனாளிக்குப் பணம் கட்டுவது கடினமாகியிருக்கிறதே தவிர, இயலாத செயல் ஆகிவிடவில்லை என்பதே சட்டத்தின் நோக்கு. கட்ட வழியில்லை என்பது கடனாளியின் துன்பம். அது கடனின் குறை அன்று.

பணம் போட்டவர்களைக் காக்கத் தனிச் சட்டங்களும் உள்ளன. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டில் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 2019ஆம் ஆண்டில் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, விற்று, பணம் போட்டவர்களுக்குப் பங்கிடுவது இச்சட்டங்களின் வழி. ஆனால், அந்தப் பணம் எங்கிருந்து கடனாக வந்ததோ அந்தக் கடனை இச்சட்டங்கள் தொடுவதில்லை. சொத்து விற்றுப் பங்கு வரும்வரை வட்டி காத்திருப்பதும் இல்லை.

இதுவரை பார்த்தால் மேலாளர் சொன்னதே சரி. ஆனால், கடன் கொடுத்தவர் எல்லா இடங்களிலும் இப்படி விலகி நிற்பவர்தானா? இங்கேதான் வரலாறு சுவையானதாகிறது.

தென்கடல் கம்பெனி

இங்கிலாந்தில் 1711ஆம் ஆண்டில் தோன்றிய தென்கடல் கம்பெனியின் பங்கு, 1720ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 128 பவுண்டு விலை பெற்றது. அவ்வாண்டின் கோடையில் அது ஆயிரத்தை எட்டியது. இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம், கம்பெனி தன் பங்குகளையே ஈடாகப் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்குக் கடன் கொடுத்ததாகும். கடன் வாங்கியவர்கள் அந்தப் பணத்தால் மேலும் பங்கு வாங்கினர். விலை மேலும் ஏறியது. இப்படிக் கொடுத்த கடன் ஒரு கோடியே பத்து லட்சம் பவுண்டு அளவுக்குப் பெருகியது. செப்டம்பர் மாத இறுதிக்குள் பங்கு விலை 200 பவுண்டுக்கும் கீழே விழுந்துவிட்டது.

பங்கு போயிற்று, கடன் பத்திரம் கம்பெனியின் பெட்டியில் இருந்தது. சட்டத்தின் எழுத்துப்படி முழுத் தொகையையும் வசூலித்திருக்கலாம். ஆனால், கடன் கொடுத்தவரும் திட்டத்தை நடத்தியவரும் இங்கே ஒருவரே. விலையை ஏற்றிவிட்ட கையே கடனையும் நீட்டியது. 1721ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தலையிட்டது. பங்கை ஈடு வைத்துக் கடன் வாங்கியவர்கள், வாங்கிய தொகையில் பத்து விழுக்காடு கட்டினால் போதும், மீதியிலிருந்து விடுதலை என்று வழி செய்தது. இயக்குநர்களின் சொத்துகள் பறிமுதலாயின.

இத்தீர்வு வழங்கியது பாராளுமன்றம் என்பதை நாம் கருத வேண்டும். இரண்டு ஒப்பந்தங்களும் உண்மையில் ஒன்றே என்று சொல்ல அன்று ஒரு தனிச் சட்டமே தேவைப்பட்டது.

மரம் நட்டவர்களின் கதை

மாமாவின் கொட்டகையில் நின்ற பறவையின் தாயகமான ஆஸ்திரேலியாவில், 2009ஆம் ஆண்டில் இதே கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்தது. அங்கே 1990களிலிருந்து வேளாண்மை முதலீட்டுத் திட்டங்கள் பரவியிருந்தன. மெல்பர்னைத் தலைமையிடமாகக் கொண்ட டிம்பர்கார்ப், பெர்த் நகரத்து கிரேட் சதர்ன் ஆகிய இரண்டும் அவற்றுள் பெரியவை. தைலமரம், பாதாம், ஒலிவம் முதலியவற்றைப் பயிரிடுவதாகவும், நிலத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரு முதலீட்டாளரின் பொறுப்பில் இருப்பதாகவும் திட்டம். முதலீட்டாளர் நகரத்தில் வேலை பார்ப்பவராக இருப்பார். மரத்தை அவர் கண்ணால் கண்டிருக்க மாட்டார். ஆனால், சட்டத்தின் பார்வையில் அவர் ஒரு விவசாயி. ஆதலால் அவர் போட்ட தொகை முழுவதையும் அந்த ஆண்டின் வருமானத்தில் கழித்துக்கொண்டு வரிச் சலுகை பெறலாம்.

இங்கேதான் கடன் நுழைகிறது. கையில் பணம் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் கிளையாகவே ஒரு நிதி நிறுவனம் இருந்தது. விண்ணப்பத்தோடு சேர்த்துக் கடன் படிவத்திலும் கையெழுத்திட்டால் போதும். பணம் முதலீட்டாளர் கைக்கு வராமலே குழுமத்தின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும். வரிச் சலுகை உடனே கிடைக்கும். மரம் வெட்டும் நாள் பத்து ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கும். இவற்றை விற்றுக் கொடுத்த நிதி ஆலோசகர்களுக்குப் பத்து விழுக்காடு வரை தரகு கிடைத்தது. ஆலோசகரை நம்பியவர்களுக்கு அந்தத் தரகின் கனம் தெரிந்திருந்ததா என்பது வேறு கேள்வி.

2007ஆம் ஆண்டில் மரம் அல்லாத பயிர்த் திட்டங்களுக்கான வரிச் சலுகையை நிறுத்தப் போவதாக வரித்துறை அறிவித்தது. பின்னர் நீதிமன்றம் முதலீட்டாளர் பக்கம் தீர்ப்பளித்தபோதிலும், அதற்குள் நம்பிக்கை தளர்ந்திருந்தது. 2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடி மேலும் இடித்தது. புதிய முதலீட்டாளர் பணம் வந்தால்தான் நிறுவனத்தின் அன்றாடச் செலவு நடக்கும் என்ற அமைப்பு அப்போது வெளிப்பட்டது. 2009 ஏப்ரலில் டிம்பர்கார்ப் வீழ்ந்தது. மே மாதத்தில் கிரேட் சதர்ன் வீழ்ந்தது.

மரத்திலிருந்து வருமானம் வரும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கியிருந்தவர்களுக்குக் கடன் கடிதங்கள் வரத் தொடங்கின. டிம்பர்கார்ப் நிதி நிறுவனத்தின் சார்பில் கடனைக் கேட்டவர், அதைக் கலைத்து முடிக்க நியமிக்கப்பட்ட அலுவலர். கிரேட் சதர்ன் கொடுத்த கடன்களில் பெரும்பகுதி முன்னரே ஒரு வங்கிக்கு மாற்றப்பட்டிருந்தது. எங்கோ ஒரு வங்கி, “நாங்கள் திட்டத்தை நடத்தவில்லை” என்று சொல்ல இடம் உண்டாயிற்று. கடன் கைமாறும்போது அதன் பிறப்பும் மறைந்துபோகிறது என்பதை வணிகவியல் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வழக்குகள் கற்பித்தவை

டிம்பர்கார்ப் முதலீட்டாளர்கள் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்தில் குழு வழக்குத் தொடர்ந்தனர். குழு வழக்கு என்பது, ஒருவர் முன்னின்று தம்மைப் போன்ற அனைவருக்காகவும் தொடர்வது. விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்காதவர் எல்லாரும் அதில் சேர்ந்தவர்களே. நிறுவனத்தின் நிலை, திட்டத்தின் இடர்கள் ஆகியவை தகவலறிக்கையில் மறைக்கப்பட்டன. ஆகவே கடனும் நிற்காது என்பது அவர்கள் வாதம். 2011ஆம் ஆண்டில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2013ஆம் ஆண்டில் மேல்முறையீடும் தோற்றது. மறைத்ததாகச் சொன்னது மெய்ப்பிக்கப்படவில்லை. முதல் படி இடிந்ததும் கடன் பற்றிய இரண்டாம் படியும் சரிந்தது.

கிரேட் சதர்ன் வழக்கின் முடிவு இன்னும் கசப்பானது. விசாரணை மட்டும் 90 நாட்கள் நடந்தது. 2014ஆம் ஆண்டில், தீர்ப்பு வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டனர். ஏறத்தாழ 2 கோடியே 38 லட்சம் டாலர் தருவதாக உடன்பாடு. அதில் 2 கோடி அளவு வழக்குச் செலவுக்கே போயிற்று. அதைவிட முக்கியமானது, தங்கள் கடன் பத்திரங்கள் செல்லத்தக்கவை என்று குழுவினர் ஒப்புக்கொண்டதாக உடன்பாட்டில் எழுதப்பட்டிருந்தது. கடன் செல்லாது என்று வழக்காட வந்தவர்கள், கடன் செல்லும் என்ற ஒப்புதலோடு வீடு திரும்பினர். சமரசத்துக்கு இசைவளித்தபோது நீதிபதி, தாம் எழுதி வைத்திருந்த தீர்ப்பையும் வெளியிட்டார். அதுவும் முதலீட்டாளருக்குப் பாதகமானதே. ஆகவே சமரசம் தவறு என்று எளிதில் சொல்லிவிடவும் முடியாது.

இனி, ஒரு கேள்வி மிஞ்சியது. குழு வழக்கில் தோற்றவர், தம் மீது தனியே கடன் வழக்கு வரும்போது தமக்கே உரிய வேறு காரணங்களைச் சொல்லலாமா? ‘அப்போதே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்லக்கூடாது’ என்றது டிம்பர்கார்ப் நிதி நிறுவனம். ஆஸ்திரேலியாவின் உயர்நீதிமன்றம், அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் அதுவே, 2016 நவம்பரில் அதை மறுத்தது. குழு வழக்கில் ஆராயப்பட்டவை எல்லார்க்கும் பொதுவான கேள்விகள் மட்டுமே; அந்த வழக்கை நடத்தும் அதிகாரம் குழுவில் பின்னால் நின்றவர்களிடம் இல்லை; ஆகவே அவரவர் தனி வாதத்தின் கதவு மூடப்படவில்லை என்பது தீர்ப்பு. இத்தீர்ப்பு எவருடைய கடனையும் நீக்கவில்லை. ஆனால், ‘எனக்கு என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்’ என்று ஒருவர் தம் கதையைச் சொல்லும் உரிமையைக் காத்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நாட்டு மேலவைக் குழு இத்திட்டங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்குக் ‘கசப்பு அறுவடை’ என்று பொருள்படும் பெயரே வைத்தது.

நம் நாட்டில்

மரம், கோழி ஆகியவற்றை விட்டு வீட்டுக்கு வருவோம். டெல்லியைச் சுற்றிய நகரங்களில் அடுக்குமாடி வீடுகளுக்கு ஒரு திட்டம் பெருகியது. வீடு வாங்குபவரின் பெயரில் வங்கி கடன் கொடுக்கும். பணம் நேரே கட்டுமான நிறுவனத்துக்குப் போகும். வீட்டின் சாவி கைக்கு வரும்வரை மாதத் தவணையை நிறுவனமே கட்டும் என்பது ஏற்பாடு. நிறுவனங்கள் பல தவணையை நிறுத்தின, கட்டடமும் நின்றது. வங்கிகள் வீடு வாங்கியவர்களைத் துரத்தின. பணம் இவர்கள் கையில் வந்ததில்லை, வீடும் வந்ததில்லை, கையெழுத்து மட்டும் இவர்களுடையது.

கட்டுமானத்தின் நிலைக்கு ஏற்பவே கடன் தொகையை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. எழும்பாத கட்டடத்துக்குப் பணத்தை முன்னரே கொடுத்த வங்கி, ‘எனக்கும் திட்டத்துக்கும் தொடர்பில்லை’ என்று சொல்ல முடியுமா? 2023ஆம் ஆண்டில் டெல்லி உயர்நீதிமன்றம், வேறு மன்றங்களில் பரிகாரம் தேடலாம் என்று கூறி மனுக்களைத் தள்ளியது. ஆனால், 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம், வீடு வாங்கியவர்கள் மீது வங்கியோ கட்டுமான நிறுவனமோ கடும் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது; காசோலை வழக்குகளும் அதில் அடங்கும். 2025 ஏப்ரலில், கட்டுமான நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் இருந்த கூட்டை ஆராயுமாறு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு ஆணையிட்டது. அவ்வாண்டு ஜூலையில் 22 வழக்குகளைப் பதிவு செய்ய அனுமதித்தது.

1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் உள்ள ‘உடந்தை’ என்ற ஒரு சொல்லை இங்கே நினைவுகூர வேண்டும். கடன் கொடுத்தவர் விலகி நின்றவரா, உடன் நின்றவரா என்பதே இப்போது வழக்கின் உயிர்நாடி.

இங்கிலாந்து இதனைப் பொருள் வாங்கும் கடன்களுக்கு முன்னரே தீர்த்துவைத்தது. அங்கே 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், விற்பவருடன் ஏற்பாடு செய்துகொண்டு கடன் கொடுத்தவர், விற்பவரின் பொய்க்கும் ஒப்பந்த மீறலுக்கும் அவரோடு சமமாகப் பொறுப்பாவார் என்று 75ஆம் பிரிவில் வைத்தது. விலைக்கு வரம்பு உண்டு; எனினும் கொள்கை தெளிவானது. விற்பனையில் கைகோத்தவர் வழக்கில் கை உதறக்கூடாது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கேள்விகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். கடன் பணம் யார் கை வழியாகப் போயிற்று? அது எதற்குப் போகிறது என்று கொடுத்தவருக்குத் தெரியுமா? அந்தத் திட்டம் விற்பனையானதால் கொடுத்தவருக்கு ஆதாயம் உண்டா? பணம் கடனாளியின் கைக்கு வந்து, அவர் விருப்பப்படி செலவாகியிருந்தால், கடன் வேறு, திட்டம் வேறு. இம்மூன்றுக்கும் விடை எதிர்மாறாக இருந்தால், காகிதம் இரண்டாக இருந்தாலும் காரியம் ஒன்றே. அப்போது நட்டத்தில் பங்கு கேட்பது நியாயம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் என் மாமாவுக்கு வழக்கு இல்லை. வங்கி மேலாளர் நகையைத்தான் பார்த்தார், கோழியைப் பார்க்கவில்லை. அத்தையின் நகை ஏலம் போயிற்று. நிறுவனத்தின் மீது கொடுத்த புகாரின் ரசீதை மாமா இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார். “சட்டப்படி வங்கி செய்தது சரிதான் மாமா” என்று சென்ற விடுமுறையில் நான் விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இதை அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா நகையை வெச்சிருக்க மாட்டேனுங்களே” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சட்டம் கையெழுத்துக்குப் பின்னால் வருவது. அறிவு கையெழுத்துக்கு முன்னால் வர வேண்டியது. நம் கல்லூரியில் படிக்கும் பலரும் தம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். வீட்டுக்கு வரும் படிவங்களைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம். அடுத்த முறை ஒருவர் ஒரே மேசையில் இரண்டு படிவங்களை நீட்டி, ஒன்று திட்டத்துக்கு, ஒன்று கடனுக்கு என்று சொன்னால், பேனாவை எடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: “முதல் காகிதம் கிழிந்துபோனால் இரண்டாம் காகிதம் என்ன ஆகும்?” அதற்குரிய பதிலை எழுத்தில் தரச் சொல்வோம். தர மறுத்தால், அந்த மறுப்பே நமக்குப் பதிலாகும்.